மகளுக்கும் இடம் கொடுத்தது கூடைப்பந்தே!

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து என்னை உதைக்கக் காத்திருக்கிற கால்பந்து நண்பர்களே! (சிரிப்பு) 

எதிரணித் தலைவர் சொன்னார், கால்பந்துதான் ஏழையின் விளையாட்டு என்று. மறுக்கவில்லை. 1911-லே கல்கத்தாவிலே மோகன் பகான் வீரர்கள் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தை, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, 2-1 என்று ஜெயித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கினார்களே! 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் போட்டாரே நம்ம தமிழர் சைமன் சுந்தரராஜ்! அதற்கப்புறம் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. நாங்களும் கை தட்டுகிறோம் ஐயா.

ஆனால் கூடைப்பந்து எப்படிப் பிறந்தது? 1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்கிற ஊர். வெளியே கடுங்குளிர். ஒய்.எம்.சி.ஏ. பள்ளியிலே ஜேம்ஸ் நைஸ்மித் என்கிற ஆசிரியர் பார்த்தார். 18 பையன்கள், இருக்கிறதோ ஒரே ஒரு அறை. இடித்துத் தள்ளாமல் ஆட ஒரு ஆட்டம் வேண்டும். பழக்கூடை இரண்டை 10 அடி உயரத்தில் மாட்டினார், 13 விதி எழுதினார். கூடைக்கு அடிப்பக்கம் உண்டு. பந்து விழுந்தால் ஏணி போட்டுத்தான் எடுக்கணும்! (சிரிப்பு) சரி, எந்தப் பந்தை வைத்து ஆடினார்கள்? கால்பந்தை! எதிரணியிடம் கடன் வாங்கியே பிறந்தவர்கள் நாங்கள். (கைதட்டல்)

அதே ஒய்.எம்.சி.ஏ. மூலமாக 1920-லே ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் நம்ம சென்னையிலே உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். அங்கே படித்த வாத்தியார்கள் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள்.

நான் பெரும்பாக்கத்துக்காரன். கூவம் கரையிலே, அடையாறு கரையிலே குடியிருந்த ஜனங்களைக் கொண்டுவந்து அடுக்குமாடிகளில் குடி வைத்த ஊர். ஒரு பக்கம் சதுப்புநிலம், ஒரு பக்கம் கம்பெனிக் கட்டடம். கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கூடைப்பந்துக் களம் 28-க்கு 15. பெருக்கிப் பாருங்கள்! ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பளவு 17 கூடைப்பந்துக் களத்துக்குச் சமம். 'தெருவிலேயே கால்பந்து ஆடலாமே' என்பீர்கள். ஆடலாம். பையன் ஆடுவான். பொண்ணு?

இங்கேதான் என் வழக்கே இருக்கிறது நடுவர் அவர்களே. 1920 டிசம்பர் 26, லிவர்பூல். பெண்கள் ஆடிய கால்பந்தைப் பார்க்க சுமார் 53,000 பேர்! சங்கம் என்ன செய்தது? மறுவருஷமே, 'கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல' என்று சொல்லி, தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அந்தத் தடை விலக ஏறக்குறைய 50 வருஷம் ஆச்சு. பேத்தி எடுக்கிற வயசு! கூடைப்பந்திலோ, பிறந்த மறுவருஷம் 1892-லேயே செண்டா பெரன்சன் என்கிற ஆசிரியை, ஸ்மித் கல்லூரிப் பெண்களை ஆட வைத்துவிட்டார். (கைதட்டல்)

அந்த வழியிலே வந்தவர்தான் நம்ம சென்னைப் பெண் அனிதா பால்துரை. 19 வயசில் இந்திய அணிக்குத் தலைவி. கல்யாணமாகி, குழந்தை பெற்று, திரும்பி வந்தும் ஆடினார். 2021-லே பத்மஸ்ரீ!

தாய்மார்களே, உங்க பொண்ணு சாயங்காலம் விளையாடக் கீழே இறங்கினால், 'இருட்டறதுக்குள்ள வந்துடு' என்கிறோம். ஏன்? அவளுக்கென்று ஒரு இடம் இல்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவிலே 28 மீட்டர் சிமெண்டுத் தரை, இரண்டு கம்பம், ஒரு விளக்கு. மாடியிலிருந்து அம்மா பார்க்கிற தூரம். அது போதும், அவள் ஆடுவாள்.

கால்பந்து உலகத்தை ஜெயித்த ஆட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடமில்லாத ஊரிலே, ஆணையும் பெண்ணையும் ஒரே களத்தில் ஏற்றுகிற ஆட்டம் கூடைப்பந்தே! கூடையிலே தீர்ப்பைப் போடுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.  (பலத்த கைதட்டல்)