முக்காற்புள்ளிக்கு எவ்வளவு மூச்சு?

போன எபிசோடுக்கு வந்த ஒரு கேள்வி: "ப்ரோ, ஆபீஸ் மெயில்ல கோலன் எங்க போடணும்?" சின்னக் கேள்விதான். ஆனா பதிலுக்கு நான் தேனிப் பக்கம் ஒரு கல்லுல இருந்து ஆரம்பிக்கணும்.

ஆண்டிபட்டி வட்டத்துல, வைகைக் கரையோரம் புலிமான்கோம்பைனு ஒரு ஊர். 2006-ல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு அங்கே தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. 2000 வருஷத்துக்கும் மேல பழசு. அதுல ஒண்ணு தீயன் அந்தவன்னு ஒருத்தருக்கு வச்சது. கூடல் ஊர் ஆகோள்ல, அதாவது மாடு கவரும் சண்டையில செத்தவர். கூடலூர்னு சொன்னதும் கம்பம் பள்ளத்தாக்கு ஆளுங்களுக்கு நம்ம கூடலூர்தான் ஞாபகம் வரும்.

கல்லுல இருக்கிற சொற்களை விரல்விட்டு எண்ணிடலாம். வினைச்சொல் இல்லை, வேற்றுமை உருபு இல்லை, நிறுத்தக்குறியும் இல்லை. அப்போ கூடல் ஊர் என்பது வீரனோட ஊரா, சண்டை நடந்த ஊரா? சும்மா படிச்சா ரெண்டுமே பொருந்தும். சண்டை நடந்த ஊர்னுதான் ஆய்வாளர்கள் படிச்சிருக்காங்க. வெட்டினவருக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. படிக்கப்போறவங்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும்ல?

ஓலைச்சுவடியிலும் இப்படித்தான் ஓடிச்சு. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டாங்க. செய்யுளா இருந்ததால ஓசையே எங்க நிறுத்தணும்னு சொல்லிடும். அச்சு வந்து, உரைநடை பெருகி, முன்பின் தெரியாத ஒருத்தர் மௌனமா படிக்கிற காலம் வந்தப்போதான் சிக்கல். யாழ்ப்பாணம் நல்லூர்ல 1822-ல பிறந்த ஆறுமுக நாவலர் பேர் இங்கே வரும். பெர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்புல வேலை செஞ்சவர், பிறகு சைவத்துக்காக வண்ணார்பண்ணையில அச்சுக்கூடம் வச்சவர். ஆங்கில நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில முறையா பயன்படுத்தினவர்னு அவரைச் சொல்வாங்க.

இப்போ பெயர்களைப் பாருங்க. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. எல்லாமே மூச்சோட அளவு! இங்கிலாந்துலயும் அப்படித்தான் யோசிச்சாங்க. ராபர்ட் லௌத் 1762-ல எழுதின இலக்கண நூல்ல, ஒவ்வொரு குறியும் முந்தினதைவிட ரெண்டு மடங்கு நிறுத்தம். 1, 2, 4, 8. பைனரி தெரிஞ்ச நமக்கு லௌத் நெருக்கம்.

பிரச்சினை என்னன்னா, இன்னைக்கு ஆங்கிலத்துல கோலன் மூச்சுக் கணக்கு இல்லை. பட்டியலுக்கோ விளக்கத்துக்கோ முன்னாடி கோலன் போட்டா, அதுக்கு இடதுபக்கம் இருக்கிறது தனியா நிக்கிற முழு வாக்கியமா இருக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல 'ப்ளீஸ் செண்ட்: லாக்ஸ், ஸ்க்ரீன்ஷாட்ஸ்'னு எழுதுவேன். 'ப்ளீஸ் செண்ட்' அரைகுறையா தொங்குது, அதனால அங்கே கோலனே வேண்டாம். 'ப்ளீஸ் செண்ட் டூ திங்ஸ்: லாக்ஸ் அண்ட் ஸ்க்ரீன்ஷாட்ஸ்'னா சரி. கேள்வி கேட்ட நண்பரே, கோலனைக் கையால மறைச்சுட்டு இடதுபக்கத்தை மட்டும் வாசிச்சுப் பாருங்க. மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி நான் இப்பவும் அதைத்தான் செய்றேன்.