சிப்பி ஓட்டின் உட்புறம்

கீழக்கரையில் முத்து வணிகம் செய்த வீடுகளில் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். மொத்தம் பத்து. முதல் சல்லடையில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறிக் கடைசியில் 1000. அள்ளிப் போட்ட முத்து அளவுவாரியாகப் பிரிந்துவிடும். அதற்கப்புறம்தான் கண்ணுக்கு வேலை. உருட்சியும் நீரோட்டமும் பார்த்து ஆணி, கலிப்பு, குறுவல் என்று தரம் சொல்வார்கள். மஞ்சாடியில் நிறுத்து, செவ்வுக் கணக்கில் விலை போடுவார்கள். என் வாப்பா இந்தத் தொழிலின் கடைசித் தலைமுறை. தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபத்தோடு, அதாவது முத்துக்குளிப்போடு, அது ஓய்ந்தது. நான் ராமநாதபுரத்தில் இயற்பியல் வாத்தியார் ஆனேன்.

இந்தக் கடலின் முத்தைப் பற்றி எழுதாதவர் குறைவு. கொற்கைப் பக்கம் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்ததைக் கிரேக்க மாலுமி ஒருவர் 1-ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்குப் பிடிப்பில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை மார்க்கோ போலோ எழுதினார். அவர்களைத்தான் நாம் கடல்கட்டி என்கிறோம். சலாபத்தில் தம் பங்குக்குத் தோணி விடும் உரிமை சேதுபதிகளுக்கு இருந்தது. இத்தனை பேரும் கணக்கு வைத்தது முத்துக்கு மட்டும். கரையில் கொட்டு என்ற அடைப்புப் போட்டுச் சிப்பியை அழுகவிட்டு, அலசி, முத்தைப் பொறுக்கியதும் ஓட்டை ஒதுக்கிவிடுவார்கள். நம் சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. பொத்தான் அறுக்கிறவர்களுக்குக்கூட ஆஸ்திரேலியாவின் பெரிய சிப்பிதான் வேண்டியிருந்தது. ஒதுக்கிய அந்த ஓட்டின் உட்புறத்தில் வானவில் நிறங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று அந்நாளில் இங்கே யாரும் எழுதி வைக்காதது எனக்குத் தீராத வருத்தம்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஸ்காட்லாந்துக்காரர். டேவிட் புரூஸ்டர் 1814-இல் சிப்பி ஓட்டை மெழுகில் அழுத்தி எடுத்தார். ஓட்டில் இருந்த நிறம் மெழுகிலும் தெரிந்தது! சாயம் எதுவும் ஒட்டவில்லை. ஓட்டின் மேலிருந்த நுண்ணிய வரிகளின் அச்சு மட்டுமே மெழுகில் பதிந்திருந்தது. ஒரு பொருளின் வடிவமே ஒளியை மாற்றும் என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. வகுப்பில் கறுப்பு அரக்கை உருக்கி இதைச் செய்துகாட்டியிருக்கிறேன்.

வரிகளைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டுக்குள் கால்சியம் கார்பனேட் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரான் கனம். இடையிடையே அதைவிடப் பலமடங்கு மெல்லிய புரதப் படலம். ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய அந்தத் தகட்டின் அளவுதான் என்பதால், அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறமாகின்றன. திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1935-இல் மின்னும் கிளிஞ்சல்களைப் பற்றித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். ஓட்டின் ஊடாக விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் தெரியும் ஒளிவட்டம் இனத்துக்கு இனம் மாறுவதை அவர் கவனித்தார். 1954-இல் டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து முத்தையும் ஆராய்ந்தார். நோபல் பரிசு வாங்கி இருபது ஆண்டு கழிந்த பிறகும் முத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அடுக்கின் கனத்தை இன்னும் குறைத்தால் வேறொன்று நடக்கிறது. அலைநீளத்தைவிட மிகமிக மெல்லியதாக அடுக்கும்போது ஒளிக்கு அடுக்குகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. இயற்கையில் இல்லாத ஒரு புதுப் பொருளாகவே தெரிகிறது. அதைத்தான் மெட்டாமெட்டீரியல் என்கிறார்கள். சாதாரண நுண்ணோக்கியால் அரை அலைநீளத்துக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்று 1873-இல் ஆபே என்ற இயற்பியலாளர் வகுத்த எல்லையை இத்தகைய பொருளால் மீற வழி உண்டு என்று 2000-இல் லண்டனில் ஜான் பெண்ட்ரி கணக்குப் போட்டுக் காட்டினார். 2003-இல் அவரும் எஸ். அனந்த ராமகிருஷ்ணா முதலியோரும் ஒரே வெள்ளித் தகட்டைப் பல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து வைத்தால் பிம்பம் இன்னும் துல்லியமாகும் என்றார்கள். 2007-இல் பெர்க்லியில் ஷாங் என்பவரின் குழு, வெள்ளியும் அலுமினிய ஆக்சைடுமாக 35 நானோமீட்டர் அடுக்குகளை வளைத்து அடுக்கி, 150 நானோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்டியது. அவர்கள் பயன்படுத்திய ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டர்.

நம் சிப்பி ஓடு மெட்டாமெட்டீரியல் ஆகாது; அதன் தகடு அதற்குத் தடிமன். ஆனால் அடுக்கி ஒளியை ஆளும் வித்தை அதற்குத் தெரியும், அதுவும் வெற்றிடக் கலமோ உலையோ இல்லாமல், கடல்நீரின் சூட்டிலேயே. அந்த வித்தையில் இந்தக் கரையின் மனிதக் கை வெற்றி கண்டது 1973-இல். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் உயிருள்ள சிப்பிக்குள் ஒரு மணியையும், இன்னொரு சிப்பியின் திசுத் துணுக்கையும் வைத்தார். சிப்பி அந்த மணியின்மேல் அடுக்கு அடுக்காகப் பூசிக்கொடுத்தது. நம் கடற்கரையின் ஒளியியல் தொழில் வரலாற்றை எழுதச் சொன்னால், சலாபங்களையெல்லாம் முன்கதையாக வைத்து, அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குவேன்.