ஏணிமீது நின்ற மாது

மலர்களின் சரித்திரம் எழுதுவோர், அவற்றைக் கொணர்ந்த தூதரையும் விற்ற வணிகரையும் மறவாது குறிப்பர். உழைத்து உண்டாக்கிய கைகளையோ பெரும்பாலும் மறந்துவிடுவர். லைலாக் மலரின் வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொண்டது இக்குறையை எண்ணியேயாம்.

லைலாக் குளிர்நாட்டுப் புதர்ச்செடி. அதன் இதய வடிவான இலைகள் ஆண்டுதோறும் உதிர்ந்துபோம். பனிக்காலக் குளிர் பட்டாலன்றி அது நன்கு பூவாது. ஆகவே நம் மலையகத்து வெப்பம் அதற்கு ஏலாது. வசந்தத்தில் கொத்துக் கொத்தாய் மலர்ந்து, நறுமணத்தால் தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் அழைக்கும். பால்கன் மலைகளுக்குரிய இச்செடி, 16ஆம் நூற்றாண்டில் துருக்கிய சுல்தானின் தலைநகரிலிருந்து தூதர் புஸ்பெக் வழியாக வியன்னாவை அடைந்தது என்பர்.

1870ஆம் ஆண்டில் பிரெஞ்சு-ஜெர்மானிய யுத்தம் மூண்டது. ஜெர்மானியப் படை நான்சி நகரைக் கைக்கொண்டது. அந்நகரில் செடிப்பண்ணை நடத்திய விக்டர் லெமோவான் (1823-1911), அந்நெருக்கடியினூடே லைலாக்கில் இனக்கலப்புச் செய்ய முற்பட்டார். 1843இல் பெல்ஜியத்தில் தோன்றிய அடுக்கு லைலாக் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பூக்கள் மிகச் சிறியவை. கேசரங்கள் இதழ்களாய் மாறிவிட்டமையால் அதனிடம் மகரந்தம் பெற இயலாது. அதனைத் தாய்ச்செடியாக மட்டுமே கொள்ளலாம். இதழ்களுள் புதைந்த சூல்முடியைத் தேடி, வேறொரு லைலாக்கின் மகரந்தத்தை அதில் தடவ வேண்டும். லெமோவானுக்கோ பார்வை மங்கியிருந்தது; கைகளும் நடுங்கின. வண்டுகளிடம் விட்டுவிட முடியாத அந்நுண்பணியை, ஏணிமீது ஏறி நின்று பூப்பூவாய்ச் செய்தவர் அவருடைய மனைவியார்.

முதலில் கிடைத்த விதைகள் மிகச் சில. அவற்றிலிருந்தே புது அடுக்கு லைலாக் மரபு தொடங்கிற்று. லெமோவான் குடும்பத்தார் மூன்று தலைமுறைகளில் 200க்கு மேற்பட்ட வகைகளை உலகுக்கு அளித்தனர். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன் விக்டோரியா பதக்கத்தை விக்டர் லெமோவானுக்கு வழங்கிற்று. அதனைப் பெற்ற முதல் அயல்நாட்டார் அவரே.

மனைவியார் பெற்றது யாது? 1890இல் வெளிவந்த வெண்ணிற அடுக்கு லைலாக்குக்கு 'மதாம் லெமோவான்' என்று பெயரிட்டனர். அது இன்றும் தோட்டங்களில் பூக்கிறது. இது நன்றியறிதலே, நாம் மறுக்கவில்லை. ஆயினும் 'திருமதி லெமோவான்' என்பதே அதன் பொருள். மாரி லூயீஸ் என்னும் அவருடைய சொந்தப் பெயர் அம்மலரில் இல்லை.

பெண் உழைக்க ஆண் பெயர் பெறுவது ஒரு நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கன்று. நம் இல்லங்களின், சங்கங்களின் வரலாற்றை எழுதப் புகும் அன்பர்கள், அங்கு ஏணிமீது நின்றவர் யாவர் என வினவித் தெரிந்து, அவரவர் சொந்தப் பெயராலேயே எழுதுவாராக.