பெயர் எழுதாத மரமீன்

வட அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா ஆகிய மாநிலங்களில் மார்கழி பிறந்ததும் சிற்றேரிகள் உறைந்து இறுகத் தொடங்கும். தை மாதத்திற்குள் பனிக்கட்டி ஓரடிக்கு மேல் கனத்துவிடும். அதன்மேல் மனிதர் நடப்பர், வண்டிகளும் ஓடும். மீன் பிடிப்போர் அப்பனியில் துளையிட்டு, அருகில் அமர்ந்து, தூண்டிலை நேர் கீழே இறக்குகின்றனர். கரையில் நின்று தொலைவுக்கு வீசும் தேவை அங்கே இல்லை. ஆதலின் அவர்தம் தூண்டிற்கோல் இரண்டு மூன்று அடி நீளமே உடையது. அதன் நுனி, மீனின் சிறு தொடுதலுக்கும் வளையும் மென்மை வாய்ந்தது.

கோலின் தண்டு இன்று தொழிற்சாலையில் கண்ணாடியிழையாலோ கரியிழையாலோ செய்யப்படுகிறது. தண்டை விலைக்கு வாங்கி, பிடியை மட்டும் தம் கையாலேயே செய்து பொருத்தும் கைவினைஞர் அம்மாநிலங்களில் பலர் உளர். மேப்பிள், வால்நட் போன்ற மரங்களின் முண்டுகளைத் தேர்ந்து, நன்கு உலர்த்தி, ஈரம் ஏறாதிருக்கப் பிசின் ஊட்டி, கடைசல் பொறியில் கடைகின்றனர். நடுவே துளையிட்டுத் தண்டைச் செருகிப் பசையால் இறுக்குகின்றனர். முண்டுகளில் மரத்தின் வரிகள் சுழன்றும் புள்ளியிட்டும் கிடப்பதால், ஒரு பிடியைப் போல மற்றொன்று அமைவதில்லை. இது வெறும் அலங்காரமும் அன்று. கடுங்குளிரில் உலோகம் கையின் சூட்டை விரைந்து உறிஞ்சிவிடும்; மரம் அவ்வாறு செய்வதில்லை. உறைபனியின்மேல் பல மணி நேரம் அமர்ந்திருப்பவனுக்கு இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்சாலைத் தண்டுகள் பரவுமுன் பிடியே கோலின் பெரும்பகுதியாக இருந்தது. நூலைச் சுற்ற இரண்டு முளைகள், பனியில் குத்தி நிறுத்த அடியில் ஓர் இரும்பு முள், முன்னால் ஒரு குறு நுனி என அது அமைந்திருந்தது. அதற்கும் முற்பட்ட வடிவம் இன்னும் எளியது: இரு முனையிலும் வெட்டுவாய் கொண்ட, கைக்கடக்கமான ஒரு மரக்கோல். அதில் சுற்றிய நூலின் முனையில் தூண்டில்முள் இல்லை. மரத்தில் செதுக்கிய ஒரு மீன் தொங்கியது. இக்கோலும் மரமீனும் அப்பகுதியின் பழங்குடியினராகிய ஒஜிப்வே மக்களின் வாழ்வோடு நெடுங்காலம் பிணைந்தவை.

பழக்கிய மானைக் காட்டி வேற்று மானைப் பிடிக்கும் முறையைச் சங்கப் புலவர் அறிவர். அந்த மானுக்குப் 'பார்வை' என்றே பெயரிட்டனர். மரமீனும் ஒரு பார்வையே. அலெக்சாண்டர் ஹென்றி என்னும் மென்மயிர்த் தோல் வணிகர் 1760களில் பேரேரிப் பகுதியில் தாம் கண்டவற்றை நூலாக எழுதி 1809இல் வெளியிட்டார். பனியில் அகன்ற துளை வெட்டி, அதன்மேல் மரக்கிளைகளால் இரண்டடி உயரக் குடில் அமைத்து, வெளிச்சம் புகாதவாறு தோல்களால் மூடும் முறையை அவர் அதில் விவரிக்கிறார். குடிலுக்குள் இருள், வெளியே பனியை ஊடுருவி இறங்கும் ஒளியால் நீருக்குள் வெளிச்சம். உள்ளிருப்பவன் ஆழத்தைத் தெளிவாகக் காண்பான். ஈயம் நிறைத்த மரமீனை நூலில் இறக்கி ஆட்டினால், அது உயிருள்ளதைப் போல் முன்னேறும். பெருமீன் அதைக் கவ்வப் பாயும்போது சுண்டி இழுத்து மேலே கொணர்வான். ஏமாந்த மீன் மீண்டும் நெருங்கும் வேளையில் ஈட்டி இறங்கும்.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் ஒஜிப்வே மக்களின் வழக்கங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டென்ஸ்மோர் அம்மையார், 1929இல் வெளியான தம் நூலிலும் இம்முறையைக் குறித்துள்ளார். போர்வையால் தலையை மூடிப் பனிமேல் குப்புறக் கிடந்து, ஒரு கையால் மரமீனை ஆட்டி, மறு கையில் ஈட்டி தாங்கினர் அம்மக்கள்.

அம்மீனைச் செய்வது எளிதன்று. மென்மையான மரத்துண்டைக் கத்தியால் செதுக்கி, வயிற்றைக் குடைந்து, உருக்கிய ஈயத்தை ஊற்றுவர். ஈயம் மிகுந்தால் மீன் கல்லாய் மூழ்கும்; குறைந்தால் மிதக்கும்; ஒரு பக்கம் சாய்ந்தால் செத்த மீனாய்ப் புரளும். தகரத்தை வெட்டித் துடுப்புகளாகப் பதிப்பர். வாலைச் சற்றே வளைத்துச் செதுக்கினால், நூலை ஆட்டுந்தோறும் மீன் வட்டமிட்டு நீந்தும். விஸ்கான்சினில் உள்ள லாக் டு பிளாம்போ என்னும் ஊரின் ஒஜிப்வேயர் வண்ணத்திற்குப் பதிலாகச் சுடரில் மரத்தைக் கருக்கிச் செதில்களையும் வரிகளையும் உண்டாக்கினர். அவ்வூருக்கு அப்பெயரிட்டோர் பிரெஞ்சு வணிகர். தீப்பந்த ஏரி என்பது அதன் பொருள். இரவில் பந்தமேந்தி மீன் குத்திய மக்களைக் கண்டு வைத்த பெயர் அது.

இம்மக்கள் 1837, 1842ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் தம் நிலத்தின் பெரும்பகுதியை அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தனர். ஆனால் அந்நிலத்திலும் நீரிலும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1854ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்கு ஒதுக்கிடங்களை வகுத்தது. பின்னர் மாநிலச் சட்டம் அவர்களை நெருக்கிற்று. ஒதுக்கிட எல்லைக்கு வெளியே அவர்களும் மாநில விதிக்குக் கட்டுப்பட்டவரே என 1908இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் முன்னோர் மீன் குத்திய ஏரியில் ஈட்டியுடன் நின்றவன் குற்றவாளியானான். குளிர்காலத்தில் அந்த மீன் பொழுதுபோக்கு அன்று, உணவு என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

மனிதனைத் தண்டித்த காலத்திலேயே அவன் செய்த பொருளுக்கு மதிப்பு ஏறியது. இரயில் பாதைகள் வடபுலக் காடுகளுக்கு உல்லாசப் பயணிகளைக் கொணர்ந்தன. மரமீன்கள் நினைவுப் பொருள்களாயின. வெள்ளையருள்ளும் சிறந்த செதுக்குவோர் தோன்றினர். மிச்சிகனில் காடிலாக் நகரத்தில் வாழ்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951) அவர்களுள் தலைசிறந்தவர். ஆயிரக்கணக்கில் மீன்களைச் செதுக்கிய அவருடைய பெயரை இன்று சேகரிப்போர் அனைவரும் அறிவர். பழைய ஒஜிப்வே மரமீன்களுள் பலவற்றைச் செதுக்கியவர் பெயரோ தெரியாது. செய்தவனே பயன்படுத்தினான், ஆகவே கையொப்பமிட வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆயினும் வாங்கிச் சென்றவர்களாவது கேட்டு எழுதி வைத்திருக்கலாம்.

1974ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பிரெட் டிரிபிள், மைக் டிரிபிள் என்னும் ஒஜிப்வே உடன்பிறப்புகள் சீஃப் ஏரியில், தங்கள் லாக் கூட் ஒரே ஒதுக்கிட எல்லையைத் தாண்டிப் பனியில் துளையிட்டு ஈட்டியால் மீன் பிடித்தனர். அறியாமல் செய்த தவறன்று அது. உடன்படிக்கை உரிமையை நிலைநாட்டத் துணிந்து செய்த செயல். மாநில அதிகாரிகள் அவர்கள்மீது வழக்குப் பதிந்தனர். எல்லைக்கு வெளியே மீன் பிடித்ததும் ஈட்டி வைத்திருந்ததும் மட்டுமன்றி, பெயரும் முகவரியும் எழுதாத மீன்குடிலில் இருந்ததும் குற்றமாகக் காட்டப்பட்டது. மரமீனில் பெயர் இல்லை என்று எவரும் வருந்தியதில்லை. குடிலில் பெயர் இல்லாததை மட்டும் சட்டம் கண்டது.

மாவட்ட நீதிமன்றம் உடன்பிறப்புகளைக் குற்றவாளிகள் என்றது. அவர்தம் குலத்தார் 1975இல் மாநில இயற்கை வளத் துறையின் தலைவர் லெஸ்டர் வாய்ட் என்பவரை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றத்தை நாடினர். 1978இல் தோல்வி, எனினும் ஓயவில்லை. 1983ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒப்படைத்த நிலப்பரப்பில் மீன் பிடிக்கும் உரிமை ஒஜிப்வே மக்களுக்கு என்றும் இருந்தது என்பது அதன் முடிவு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் முறையீட்டை ஏற்க மறுத்தது.

ஆயினும் அமைதி உடனே வரவில்லை. 1980களின் பிற்பகுதியில், பனி உருகிய வசந்த இரவுகளில் படகில் விளக்கேந்தி மீன் குத்தச் சென்ற ஒஜிப்வேயரை எதிர்த்து ஏரித் துறைகளில் கூட்டங்கள் திரண்டன. வசைமொழிகளும் கற்களும் பறந்தன. அதே காலத்தில், 1990இல், நியூயார்க் நகரின் அமெரிக்க நாட்டுப்புறக் கலைக் காட்சியகம் பனிக்கடியில் ஈட்டியால் மீன் பிடிக்க உதவும் மரமீன்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்திற்று. பொருளுக்குக் கண்ணாடிப் பேழை. அப்பொருளின் வழிவந்தோருக்குக் கல்லடி. 1991இல் நீதிமன்றப் போராட்டம் முடிவுற்றபின்பே துறைகள் மெல்ல அடங்கின.

ஈட்டியும் மரமீனும் இன்றும் வழக்கில் உள்ளன. ஒஜிப்வே குலங்கள் 1984இல் கூடி அமைத்த ஆணையம் ஏரிதோறும் பிடிக்கத்தக்க மீனின் அளவைக் கணக்கிட்டுக் கண்காணிக்கிறது. லாக் டு பிளாம்போவில் இளையோர் முதியோரிடமிருந்து செதுக்கும் கலையைக் கற்கின்றனர். ஈயத்தின் எடை பொருந்தியதா என்பதை இன்றும் நீர்த்தொட்டியில் விட்டுப் பார்த்தே அறிகின்றனர். கடைசல் பொறியில் தூண்டிற்பிடி செய்வோரோ வேலை முடிந்ததும், பிடிக்குச் சற்று மேலே தண்டின்மீது தம் பெயரைப் பொடி எழுத்தில் எழுதி, அது அழியாதிருக்கத் தெளிந்த பிசினால் மூடிவிடுகின்றனர்.