ஒபாமாகேர்: ரத்து செய்ய முடியாமல் போன கதை

போன பகுதியில், 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தியிருந்தோம். இன்னைக்கு எதிர்த்தரப்பின் கதை.

பிரதிநிதிகள் சபையில் அந்தச் சட்டம் 219-212 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் ஒருத்தர்கூட ஆதரிக்கவில்லை. பழி முழுக்க ஜனநாயகக் கட்சி தலையிலேயே விழட்டும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது: அதே நவம்பரில் 63 இடங்கள் கூடுதலாகக் கிடைத்து, சபையே அவர்கள் கைக்கு வந்தது.

அப்புறம் ரத்து, ரத்து என்று டஜன் கணக்கில் வாக்கெடுப்புகள். செனட் தாண்டாது, தாண்டினாலும் ஒபாமா வீட்டோ போடுவார். 2016 ஜனவரியில் போடவும் செய்தார். நிறைவேறாது என்று தெரிந்தே போடுற ஓட்டுக்குச் செலவே இல்லை, பாருங்க. அதனால், மாற்றுத் திட்டம் என்ன என்று கட்சிக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டிய அவசியமும் இல்லை.

2017-ல் அவசியம் வந்தது. வெள்ளை மாளிகை, இரண்டு சபைகள், எல்லாமே கையில். ஆனால் ஏழு வருஷம் ஓடிப்போச்சே! ஓஹியோ மாதிரி, குடியரசுக் கட்சி ஆளுநர் இருந்த மாநிலங்களே ஏழைகளுக்கான மெடிக்கெய்டை விரிவாக்கியிருந்தன. பறித்தால் சொந்த வாக்காளர்களிடமிருந்தும் பறிக்கணும்.

ஜூலை 28, நள்ளிரவு தாண்டி செனட்டில் வாக்கெடுப்பு. மூளைப் புற்றுநோய் என்று அறிவித்துப் பத்து நாள்கூட ஆகாத ஜான் மெக்கெய்ன், கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-51. எல்லோரும் அந்த விரலைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சூசன் காலின்ஸ், லிசா மர்கௌஸ்கி இருவரில் ஒருவர் மாறியிருந்தாலும் 50-50. துணை அதிபர் பென்ஸ் ஓட்டில் மசோதா தப்பியிருக்கும்.

டிசம்பரில் வரிச் சட்டத்தோடு சேர்த்து, காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதத்தை மட்டும் பூஜ்யமாக்கினார்கள். அந்தப் பூஜ்யம் உச்ச நீதிமன்றம் வரை போனதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.