கம்மஞ்சோறும் கஞ்சித்தொட்டியும்: வானம் பார்த்த பூமியில் இதயத்தின் வரலாறு

திருச்சுழி என்றதும் இலக்கிய வாசகர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் ரமணர். குண்டாற்றங்கரையில் உள்ள இவ்வூரில் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அவர் பிறந்தார். பிற்காலத்தில் திருவண்ணாமலையில் அமர்ந்து, இதயம் மார்பின் வலப்பக்கத்தே உணரப்படுவது என்று சொல்லி, அச்சொல்லுக்கு வேறொரு பொருள் தந்தார். நாம் இங்கே பேச முற்படுவது அந்த இதயத்தைப் பற்றியன்று. இடப்பக்கம் சாய்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் தசை இதயத்தைப் பற்றி. ஆயினும் ரமணர் பிறந்த ஆண்டு நமக்கொரு தொடக்கப் புள்ளியைத் தருகிறது. தாது வருடப் பஞ்சம் (1876-78) ஓய்ந்த மறு ஆண்டு அது. இந்த வறண்ட நாட்டின் இதயத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் பஞ்சத்தைத் தவிர்த்துவிட்டுப் பேச இயலாது என்பது நம் எண்ணம்.

'நம் முன்னோர் கம்பும் கேப்பையும் உண்டனர். அதனால் மாரடைப்பு என்பதையே அறியாதிருந்தனர்' என்ற கூற்று இன்று மேடைகளிலும் கடைப் பொட்டலங்களிலும் ஒலிக்கக் கேட்கிறோம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டே பார்க்கலாம்.

கரிசலும் செவலும் கலந்த நிலம் இது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கண்மாய் நிறைந்தால் கண்மாய்க்குக் கீழே நெல். மற்றபடி எங்கும் புன்செய். கம்பு, சோளம், குதிரைவாலி, கேப்பை, இடையிடையே உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, விளிம்பில் எள் என்று விதைப்பு அமைந்திருந்தது. முல்லை நிலத்தின் உணவாக வரகையும் சாமையையும் முதிரையையும் நம் பொருளிலக்கணம் வகுத்ததை வகுப்பறையில் கருப்பொருள் பட்டியலாக ஒப்பித்துக் கடந்துவிடுகிறோம். புன்செய் நாட்டில் அது பட்டியலன்று, அன்றாட உலை. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியதாக இருந்த காலத்தைக் கி.ரா. முதலான கரிசல் எழுத்தாளர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

இதயத்தின் கண்கொண்டு பார்த்தால் அந்த உலையில் நன்மை இருந்தது என்பதில் ஐயமில்லை. 100 கிராம் கம்பில் நார்ப்பொருள் ஏறத்தாழ 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. இரும்புச்சத்து கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 1 மில்லிகிராமுக்கும் கீழே. நார்ப்பொருள் மிகுந்த தானியம் மெதுவாகச் செரிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறுவதில்லை. கொழுப்பின் ஒரு பகுதி குடலிலேயே கழிந்துவிடுகிறது. சிறுதானியங்களைத் தொடர்ந்து உண்டோரிடம் செய்யப்பட்ட ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2021இல் வெளியான கட்டுரை ஒன்று, இரத்தக் கொழுப்பு சராசரியாக 8 விழுக்காடு குறைந்ததாகச் சொல்கிறது. இத்துடன் உழைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பை உரலில் இட்டுக் குத்திய கை, ஊருணியிலிருந்து குடம் சுமந்த இடுப்பு, சந்தைக்கு நடந்த கால் ஆகியவை உண்டதை அன்றன்றே செலவழித்தன. அருப்புக்கோட்டையின் நெசவாளரும் குழித்தறியில் அமர்ந்து மிதியை மாறி மாறி மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, நாள் முழுதும் உடலை அசைத்துக்கொண்டிருந்தவர்தாம். எண்ணெய், செக்கிலிருந்து தாளிப்பதற்கு மட்டும் வந்தது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இத்துடன் நிறுத்திக்கொள்வது வரலாறாகாது.

திருச்சுழி அருகே ஒரு சிற்றூரில், எண்பதைத் தாண்டிய அப்பத்தா ஒருவரிடம் பழைய உணவைப் பற்றி ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் நம்மை ஒரு பார்வை பார்த்தார். "ஒடம்புக்கு நல்லதுன்னா கம்பைத் தின்னோம்? வேற இல்லாமத் தின்னோம்யா. அதுவும் பாதி நாளைக்கு இல்ல" என்றார். நாம் எழுதி வைத்திருந்த வினாக்கள் அத்துடன் தீர்ந்துபோயின.

அந்தப் 'பாதி நாள்' சென்னை மாகாணத்தின் ஆவணங்களிலும் உண்டு. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877இன் தொடக்கத்தில், இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்கான தானியத்தை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக, அதாவது 450 கிராம் அளவாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உடலுழைப்பு செய்பவன் அந்த அளவில் உயிர் வாழ இயலாது என்பது அவர் வாதம். சில மாதங்களில் அரசு அளவை உயர்த்த நேர்ந்தது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். ஒரு தமிழ் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி அரசுக் கோப்புகளில் தீவிரமாக விவாதிக்கப்பட்டது இதயத்தின் பொருட்டன்று, பிணங்களின் பொருட்டு. 1950களின் தொடக்கத்தில் கைத்தறி நலிந்தபோது தமிழகத்தின் நெசவாளர் ஊர்களில் திறக்கப்பட்ட கஞ்சித்தொட்டிகளும் இதே வரலாற்றின் அண்மைப் பக்கங்களே.

முன்னோருக்கு மாரடைப்பு அரிதாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1941-51 காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. குழந்தைச் சாவுகள் இந்தச் சராசரியை மிகவும் கீழே இழுத்தன என்பது மெய்யே. ஆயினும் காலராவும் அம்மையும் பிரசவச் சாவும் பலரை முன்னரே கொண்டுபோன நாட்டில், ஐம்பது வயதுக்குப் பின் வரும் நோய்க்குக் காத்திருந்தவர் சிலரே.

அடுத்த கட்டம் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவு முன்னணியில் நின்றது. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி இடத்துக்குப் போயிற்று. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளை 1937இல் நூலாக்கினார். அந்த ஆய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அரிசி ஆலையின் வெண்மை ஒரு குறைபாடு என்பதை நம் மாகாணம் இவ்வாறு முன்பே அறிந்திருந்தது. ஆனால் தீபாவளிக்கு மட்டும் நெல்லுச் சோறு கண்ட மக்களுக்கு அந்த வெண்மையே விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மாரடைப்பு பற்றிய அதிர்ச்சி 1967இல் வந்தது. இரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, இந்திய இரயில்வே ஊழியரிடையே இதயநோய்ச் சாவுகளை ஆராய்ந்து பிரித்தானிய இதயவியல் இதழில் எழுதினார். கொழுப்பை மிகுதியாக உண்ட வட இந்தியரைவிட, குறைவாக உண்ட தென்னிந்தியரிடம் அச்சாவு ஏறத்தாழ 7 மடங்கு மிகுதி என்றும், அதுவும் இளவயதில் நேர்ந்தது என்றும் அவர் கண்டார். அவர் சொன்ன காரணங்கள் பின்னர் விவாதத்துக்கு உள்ளாயின. ஆனால் 'நெய் தின்பவனுக்கே இதயநோய்' என்ற எளிய சமன்பாடு நம்மிடம் பொருந்தாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இப்புதிருக்கு ஒரு விடை 1996இல் மைசூரிலிருந்து கிடைத்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934க்கும் 1954க்கும் இடையே பிறந்த 517 பேரின் பிறப்பு எடையையும் பிற்கால இதய நிலையையும் ஒப்பிட்டனர். இரண்டரைக் கிலோ அளவிலோ அதற்குக் குறைவாகவோ பிறந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது; மூன்று கிலோவைத் தாண்டி நல்ல எடையுடன் பிறந்தோரில் அது நூற்றுக்கு 3. தாயின் வயிற்றில் போதிய ஊட்டம் பெறாத சிசு, பற்றாக்குறைக்கு ஏற்பத் தன் உடலை அமைத்துக்கொள்கிறது; பின்னாளில் மிகுதியைச் சந்திக்கும்போது அந்த உடல் தடுமாறுகிறது என்பது இதற்கான விளக்கம்.

இதனை வறண்ட நாட்டில் வைத்துப் படித்தால் பழம்பெருமை தலைகீழாகிறது. பாட்டியின் தட்டில் இருந்த கம்பு நன்மை செய்தது. அத்தட்டு காலியாக இருந்த நாள்கள் பேரனின் இதயம் வரை வந்து சேர்ந்திருக்கக்கூடும். தானியம் வேறு, பசி வேறு. நாம் இரண்டையும் ஒன்றாக்கிப் போற்றிக்கொண்டிருக்கிறோம்.

பசி தீர்ந்த வரலாறு நம் காலத்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1982இல் சத்துணவு, 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி, 2011இல் விலையில்லா அரிசி. இதனைக் குறைத்துப் பேசும் உரிமை, பட்டினி அறியாத நமக்கில்லை. ஆனால் பசி போன வழியே கம்பும் போயிற்று. புன்செயில் பருத்திக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. அதிற் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. எஞ்சிய நிலத்தைச் சீமைக்கருவேலம் கொண்டது. 2007 முதல் நியாயவிலைக் கடையில் பாமாயில் கிடைக்கிறது. அதில் செறிவுற்ற கொழுப்பு 100க்கு 40க்கு மேல். நல்லெண்ணெயில் 15 அளவுதான். குழித்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தது. மிதிக்கும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொள்ள, நெசவாளருக்கு நிற்பதும் இரைச்சலும் இரவு வேலையும் இடையிடையே தேநீரும் வடையும் மிஞ்சின.

பயன் என்ன? தமிழகத்தில் 2020இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம். அவர்களுள் அதைக் கட்டுக்குள் வைத்திருப்போர் 100க்கு 7 பேர் அளவில்தான். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான பேராய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 விழுக்காட்டை 9 காரணங்களில் அடக்கியது: புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிறருக்கு ஏறத்தாழ 59. இந்த ஆறாண்டு ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு முடியும் காலம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம், நெஞ்சுவலியோடு வருவோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்தைத் தர வழி செய்தது. பெரிய மருத்துவமனைக்கு மதுரை செல்ல வேண்டிய சிற்றூர்களுக்கு இதன் அருமை தெரியும். கம்மங்கூழ் மாத்திரைக்கு மாற்றன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கோடையில் அருப்புக்கோட்டைச் சாலையோரக் கூழ் வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டம் நமக்கு மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் கூழுக்குத் துணையாக வரும் மோர்மிளகாய், வற்றல், கருவாடு, ஊறுகாய் அத்தனையும் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை ஒரு சொம்புக் கூழோடு கடந்துவிடலாம். உச்சிவெயிலில் வியர்வை சிந்திய உழவருக்கு வேண்டியிருந்த உப்பு, மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து பாடம் சொல்லும் நமக்கு வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் குதிரைவாலியும் அரிசியைப் போலவே தவிடு நீங்க வெளுத்துத் தீட்டப்பட்டால் பெயர் மட்டுமே சிறுதானியமாக நிற்கும். சின்னஞ்சிறு தானியத்தின் நலம் அதன் தவிட்டில்தான் இருக்கிறது.

முன்னோர் கம்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. வானம் அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தது. நாம்தான் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கிறோம். வாரத்தில் சில வேளை தீட்டாத கம்போ கேப்பையோ, தட்டில் பாதிக்குக் காய்கறி, குறைந்த உப்பு, அன்றாடம் அரைமணி நடை, புகையும் புகையிலையும் இல்லாத வாய், ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளல் என்று நம் தேர்வு அமையலாம். இதைவிட முந்திய தடுப்பு ஒன்று உண்டு. கருவுற்ற பெண் வயிறார உண்பதும், பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு தவறாமல் கிடைப்பதும் ஐம்பதாண்டுக்குப் பின் துடிக்கப்போகும் இதயத்துக்கான மருத்துவமே. அவ்வகையில் சத்துணவுக் கூடத்து அடுப்பையும் இதயநோய்த் தடுப்பில் சேர்த்து எண்ணுவது தகும்.

அந்த அப்பத்தா விடைபெறும்போது நமக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார். உப்புக் குறைவாக இருந்தது. மருத்துவமனை நர்சு சொன்னதாகச் சொன்னார்.