சூளைக்குள் ஒரு வகுப்பு: சொல்லிக் கொடுப்பவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்த எபிசோடைக் கேட்டுக்கொண்டே பக்கத்துச் சுவரை ஒரு தட்டு தட்டிப் பாருங்க. சென்னைக்குச் செங்கல் வருகிற முக்கியமான இடங்களில் ஒன்று திருவள்ளூர் மாவட்டம். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, செங்குன்றம் சுற்றுவட்டாரத்துச் சூளைகள். அங்கே கல் அறுக்கிறவர்களில் நிறையப் பேர் மேற்கு ஒடிசாக்காரர்கள், பலாங்கீர், நுவாபடா பக்கம். நுவாகாய் என்கிற புது அரிசித் திருவிழாவை ஒட்டி முன்பணம் வாங்குவார்கள். அப்புறம் குடும்பத்தோடு ரயில் ஏறி வந்து, மழைக்கு முன்னால் ஜூனில் திரும்புவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் பிள்ளைகளின் கையும் கணக்கில் சேர்ந்துவிடும். காய்கிற பச்சைக் கல்லைப் புரட்டிப் போடுவது அவர்கள் வேலை.

அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டா, இல்லையா என்று நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி. அங்கே பாய் விரித்து வகுப்பு எடுக்கிறவரை யார் தயார் செய்தார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து நம்ம புதுக்கோட்டை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம் என்றால் எல்லாருக்கும் பெண்கள் சைக்கிள் ஓட்டியதுதான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிட ஆச்சரியம், ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்களை ஆசிரியர்களாக்கிய விதம். மேலே சில கருத்தாளர்கள் முதன்மைப் பயிற்சியாளர்களுக்குச் சொல்லித் தருவார்கள், அவர்கள் ஊர்த் தொண்டர்களுக்கு. பிற்பாடு நம்ம ஊரில் நடந்த பல தன்னார்வலர் பயிற்சிகள் இதே வாய்க்கால்தான். கடைமடைக்குப் போவதற்குள் தண்ணி குறையும், அது தெரிஞ்சதுதான். ஆனால் புதுக்கோட்டையில் தொண்டரும் படிக்க வந்தவரும் ஒரே ஊர், ஒரே பேச்சு. குறைந்ததை அவரே பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

சூளையில் அந்த வசதி கிடையாது.

மகாராஷ்டிராவின் தானே பக்கம் 1990களிலேயே விதாயக் சன்சத் அமைப்பு சூளைகளில் 'போங்கா' பள்ளிகளை நடத்தியது. போங்கா என்றால் தொழிலாளர்கள் தங்குகிற குடிசை. நம்ம பக்கம் பெரிய மாற்றம் 2010 ஏப்ரல் 1 அன்று கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரணும் என்கிறது 4ஆம் பிரிவு. மாநிலம் தாண்டியும் பள்ளி மாறலாம் என்கிறது 5ஆம் பிரிவு. திருவள்ளூர்ச் சூளைகளுக்கு ஒடியா பாடப்புத்தகங்கள் வந்தன, ஒடியா தெரிந்த ஆசிரியர்களும் வந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எல்லாச் சூளைக்கும் அப்படி ஆள் கிடைத்துவிடுமா?

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க, மாலையில் ஒன்றரை மணி நேரம். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1000 ரூபாய். அவ்வளவு பேரைச் சில மாதங்களில் திரட்டியது சாதாரண விஷயமில்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயிற்சி மனதில் வைத்திருந்தது தமிழ் பேசுகிற, வருஷம் முழுக்க அதே தெருவில் இருக்கிற பிள்ளையை.

இந்த எபிசோடுக்காகப் பெரியபாளையம் பக்கம் ஒரு அக்காவிடம் பேசினேன். பேரு வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு நாள் பயிற்சி, கையில் ஒரு கட்டு பட அட்டை, அவ்வளவுதான். "முதல் நாள் மரத்தைக் காட்டி 'மரம்'னேன் தம்பி. எல்லாம் 'கொச்சொ'ங்குதுங்க. கிண்டல் பண்ணுதுங்கன்னு நினைச்சு ஒருத்தனை அதட்டிட்டேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவங்க பாஷையில மரத்துக்கே அதுதான் பேரு. அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்." அந்தப் பையன் அப்புறம் பத்து நாள் வகுப்புக்கு வரவில்லையாம்.

அதன் பிறகு அவரே ஒரு நோட்டு போட்டிருக்கிறார். ஒரு பக்கம் தமிழ், எதிரே தமிழ் எழுத்திலேயே ஒடியாச் சொல். சொன்னது பிள்ளைகள். கல் அறுப்பு நடுராத்திரி தாண்டி ஆரம்பிக்கும், அதனால் காலையில் பிள்ளைகள் தூங்கி வழியும் என்று புரிந்ததும் வகுப்பை நாலு மணிக்கு மாற்றினார். அஞ்சு வயசும் பன்னிரண்டு வயசும் ஒரே பாயில். பெரியவர்களை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்ல வைத்தார். இதெல்லாம் எந்தக் கையேட்டிலிருந்தும் வந்ததில்லை, நாலு சீசன் தடுக்கி விழுந்து வந்தது. பயிற்சி என்பது தொடக்கத்தில் ரெண்டு நாள் என்று நினைக்கிறோமே, அங்கேதான் தப்பு என்பது என் கட்சி. வகுப்பு எடுத்து ஒரு மாசம் கழித்துத்தானே கேள்வியே வரும்? அப்போ கேட்க ஆள் வேணும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகை அறைகளில் இருக்கிற வடமாநிலக் குடும்பங்களிலும் இதே கதைதான். அங்கே மொழி ரெண்டு மூணு.

ஜூனில் பிள்ளைகள் கிளம்பும்போது அக்கா ஆளுக்கொரு சீட்டு எழுதித் தருகிறார். எந்த எழுத்து வரை தெரியும், எத்தனை வரை எண்ணுவான், ஊர்ப் பள்ளியில் எந்த வகுப்பில் சேர்க்கலாம். ஒடியாவில் எழுதிக் கொடுப்பது அங்கிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு மேஸ்திரியின் மகள். அந்தச் சீட்டை எப்படி எழுதணும் என்று இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு அக்காதான் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். டீ காசு அவருடையது.